செராமிக் பால் பேரிங்: நுண்விரிசலும் ஆயுளும்

கொச்சியின் சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி ஆகிய பகுதிகளை அடுத்துள்ள காயலில் இன்று மின்கலப் படகுகள் ஓடுகின்றன. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கொச்சி நீர் மெட்ரோவுக்காக, கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய படகுகள் இவை. போக்குவரத்து மின்மயமாகுந்தோறும், மோட்டாரின் சுழல்தண்டைத் தாங்கும் பால் பேரிங்கின் தரம் முக்கியத்துவம் பெறுகிறது.

இன்வெர்ட்டரால் இயங்கும் மோட்டார்களில் சிறிதளவு மின்சாரம் பேரிங்கின் வழியே பாய்ந்து, எஃகுப் பரப்பில் குழிகளை உண்டாக்கக்கூடும். இதனைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்று, எஃகு வளையங்களுக்கிடையே சிலிக்கான் நைட்ரைடு என்னும் செராமிக் குண்டுகளை வைப்பதாகும். இவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை, துருப்பிடிப்பதில்லை, எஃகுக் குண்டின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதமே உடையவை. 1995 ஜூலையில் பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திரவ ஆக்சிஜன் பம்பிலும் இத்தகைய குண்டுகள் இடம்பெற்றன.

எனினும், இப்பொருளுக்கு ஒரு குறை உண்டு. எஃகில் விரிசலின் முனை சற்றே நெகிழ்ந்து அழுத்தத்தைத் தணிக்கும். செராமிக்கில் அந்நெகிழ்ச்சி இல்லை. நொறுங்கும் பொருளின் வலிமையை அதிலுள்ள விரிசலின் அளவே வரையறுக்கிறது என்பதை 1921-இல் கிரிஃபித் விளக்கினார்.

குண்டுகளை அரைத்து மெருகேற்றும்போது அவை ஒன்றோடொன்று மோதுவதால், பிறை வடிவ நுண்விரிசல்கள் தோன்றுவதுண்டு. சுமை தாங்கி உருளும் குண்டு வளையத்தைத் தொடும் இடத்தின் விளிம்பில் இழுவிசை எழுகிறது. விரிசல் அத்தடத்தில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது சிறிது சிறிதாக வளரும். மசகெண்ணெயும் உட்புகுந்து அதற்குத் துணைபோகும். முடிவில் பரப்பிலிருந்து ஒரு சில்லு பெயர்கிறது. மீண்டும் மீண்டும் ஏற்கும் சுமையால் நேரும் இச்சிதைவையே பொறியியலார் 'சோர்வு' என்பர். தடத்திற்கு அப்பால் அமைந்த விரிசல் நெடுங்காலம் தீங்கின்றி இருக்கவும் கூடும். ஆயினும், குண்டு எப்பக்கமாக உருளும் என்பதை முன்கூட்டி உறுதிசெய்ய இயலாது.

இவ்விரிசல்கள் வெறும் கண்ணுக்குப் புலப்படா. ஒளிரும் சாயத்தை ஊடுருவச் செய்து, புற ஊதா ஒளியில் நுண்ணோக்கியால் தேடவேண்டும். ஐ.எஸ்.ஓ. 26602 போன்ற தர நிர்ணயங்கள் இக்குண்டுகளின் மூலப்பொருளை வகைப்படுத்துகின்றன. ஆனால் நல்ல மூலப்பொருளும் மெருகேற்றும் கட்டத்தில் பழுதுபடலாம்.

இதில் ஒரு பொருளாதார உண்மையும் அடங்கியுள்ளது. பேரிங்கின் ஆயுளை நிர்ணயிப்பது குண்டுகளின் சராசரித் தரமன்று; அவற்றுள் மிக மோசமான ஒன்றே. எனவே, குறைந்த விலைப்புள்ளியை மட்டும் கருதிக் கொள்முதல் செய்வது சிக்கனமாகாது. பரப்புச் சோதனைக்கான நிபந்தனைகளை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்தல் வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவு, பேரிங்கின் ஆயுளுக்கு இடும் முதலீடே ஆகும்.