எந்திரப் பணியாளும் முதியோர் மனமும்

பிள்ளைகள் வேலை தேடித் தொலைதூரம் சென்றுவிட, முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் உலகெங்கும் பெருகி வருவதைக் காண்கிறோம். அத்தகைய இல்லங்களுக்கென்று ‘ரோபோ’ எனப்படும் எந்திரப் பணியாளை அறிவியலார் படைத்து வருகின்றனர். ஊணும் உறக்கமும் வேண்டாத அப்பணியாளை முதியோர் தம் வீட்டுக்குள் விடுவார்களா?

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், சொந்த இல்லத்தில் பிறர் உதவியின்றி வாழ்ந்துவந்த முதியோர் 21 பேரிடம் இதைக் கேட்டறிந்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு சிந்திக்கத்தக்கது. வீட்டைத் துப்புரவு செய்யவும், விழுந்த பொருளை எடுத்துத் தரவும் எந்திரம் வரட்டும் என்றனர் பெரும்பாலோர். குளிப்பாட்டவும் உடுத்திவிடவும், பொழுதைக் கழிக்கவும் மனிதத் துணையே வேண்டும் என்றனர். மருந்து வேளையை எந்திரம் நினைவூட்டலாமாம். எந்த மருந்தை உட்கொள்வது என்பதை மட்டும் மனிதரே முடிவு செய்யவேண்டுமாம்! இருபத்தொருவர் கருத்து உலகோர் கருத்தாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் மூத்தோர் புதுமையை வெறுப்பர் என்று சொல்லித் திரிவோர், அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கின்றனர் என்பதைக் கவனிப்பார்களாக.

முதியோர் மிகுந்த ஜப்பானில் இம்முயற்சிகள் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்தும் ‘ரோபேர்’ என்னும் கரடிமுக எந்திரத்தை ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் காட்டியது. அதன் எடை 140 கிலோ. அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வீடுகளுக்குச் செல்லவே இல்லை.

வீடுகளுக்கும் முதியோர் விடுதிகளுக்கும் சென்றது ‘பாரோ’ என்னும் கடல்நாய்க் குட்டியே. தகனோரி ஷிபாதா என்னும் ஜப்பானிய அறிஞர் உருவாக்கிய இது, 2005-இல் விற்பனைக்கு வந்தது. வெண்ணிற மென்மயிர் போர்த்த அதன் எடை ஏறத்தாழ 2.7 கிலோ, பச்சிளங்குழந்தையைப் போல மடியில் கிடக்கும். தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். நாயும் பூனையும் நாம் நன்கறிந்தவை. போலி நாயைக் கண்டால் குறைகளே கண்ணில் படும். கடல்நாயோடு பழகியோர் அரியர்; ஆதலின் ஒப்பிட்டுக் குறைகாண இடமில்லை. இதை எண்ணியே அவ்வுருவைத் தேர்ந்தார் ஷிபாதா. நினைவாற்றல் குன்றியோர் பலர் அதனை ஏந்தியதும் அமைதியுறுவதைச் செவிலியர் கண்டனர். 2009-இல் அமெரிக்க அரசு அதனை மருத்துவக் கருவி வகையில் சேர்த்தது.

இங்கு நம் உள்ளம் சற்றுத் தயங்குகிறது. பொம்மை என்றறிந்தே அதை அணைப்பவருக்குத் தீங்கில்லை. உயிருள்ளதென நம்பி அணைப்பவரை நாம் ஏமாற்றுகிறோமா, ஆற்றுகிறோமா? அழுதுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அதனால் அழுகை ஓய்ந்தால், அதைப் பிடுங்கிவிடவும் நமக்கு மனம் வராது. அவ்வமைதியைக் காரணமாகக் காட்டி மகன் தன் வருகையைக் குறைத்துக்கொண்டால், அதை மட்டும் நம்மால் ஏற்க இயலாது.

நியூயார்க் மாநில அரசு 2022-இல் ‘எல்லிக்யூ’ என்னும் பேசும் கருவியை எண்ணூறுக்கும் மேற்பட்ட முதியோர்க்கு வழங்க முன்வந்தது. அது மேசைமேல் இருந்து தலையசைத்துப் பேசும், நலம் விசாரிக்கும், உடனுள்ள திரையில் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசவும் உதவும். தண்ணீர் குடிக்குமாறு நினைவூட்டும். கை இல்லாமையால் எடுத்துத் தர அதற்கு இயலாது.