மாலையில் சொருகும் கண்கள்

காங்கேயத்திலிருந்து கம்பெனி வண்டி ஏறித் திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம், ‘கண்ணு ஏன் இப்படிச் சொருகுது?’ என்று கேட்டால், ‘ஓவர்டைம்ங்க’ என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால், காலையில் நன்றாக இருந்துவிட்டு, பொழுது சாயச் சாய இமை தொங்குகிறதா? தையல் ஊசி இரண்டாகத் தெரிகிறதா? சோற்றை மெல்லும்போதே தாடை ஓய்கிறதா? கொடியில் துணி போடத் தூக்கிய கை தானாக இறங்குகிறதா? அப்படியென்றால் சத்து டானிக் போதாது, நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயாக அது இருக்கலாம். நரம்பின் கட்டளையை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் தசைக்குக் கொண்டுசேர்க்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் தசையின் ஏற்பிகளை, உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிவிடுகிறது. நல்ல பாம்பு கடித்தவருக்குக் கண் சொருகுவது தோட்டங்காட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த விஷம் அடைப்பதும் இதே ஏற்பிகளைத்தான்.

1934-ல் லண்டன் கிரீனிச்சில் இருந்த மருத்துவர் மேரி வாக்கருக்கும் விஷம்தான் வழிகாட்டியது. க்யூராரே என்ற அம்பு விஷம் ஏறியவர்போல நோயாளி இருக்கிறாரே, அதன் மாற்று மருந்தையே கொடுத்தால் என்ன? ஊசி போட்டதும் தொங்கிய இமை மேலேறியது. இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்ததே. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சை. 1980-களில் இந்த நோய்க்கு ஆளான அமிதாப் பச்சன், எண்பதைத் தாண்டியும் நடிக்கிறார்.

மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்து, இமை உயர்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதுண்டு. பிறகு ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன். ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது.

இளம் பெண்களையும் அறுபது தாண்டிய ஆண்களையும் இது அதிகம் பிடிக்கிறது. தொற்றாது. வரன் பார்க்கும் வீட்டில் மறைக்கத்தான் தோன்றும். மறைத்தால் மாத்திரையும் நின்றுபோகும், அதுதான் ஆபத்து. மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டு குழந்தை பெற்றவர்கள் ஏராளம்.

காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பலவீனத்தைக் கூட்டிவிடும். நோயின் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ விடியும்வரை காத்திருக்காமல், செயற்கை சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.