சான்றும் நிரூபணமும்

சான்று என்பது ஒரு கூற்று உண்மையா என்று முடிவுசெய்ய முன்வைக்கப்படும் ஆவணம், பொருள் அல்லது சாட்சியின் வாக்குமூலம். அவற்றை எடைபோட்ட பிறகு 'ஆம், இது உண்மை' என்று எட்டப்படும் நிலையே நிரூபணம். பேச்சுவழக்கில் 'ஆதாரம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் குழப்பம் எழுகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் அருமனை வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. நிலப்பத்திரத்தை 'ஆதாரம்', 'பிரமாணம்' என்று சொல்லும் மலையாள வழக்கு இங்கும் காதில் விழும். பிரமாணம் கையில் இருந்தால் நிலம் தன்னுடையதே என்று கருதுவது இயல்பு. ஆனால் நீதிமன்றத்தில் பத்திரம் ஒரு சான்று மட்டுமே. விற்றவருக்கு அந்நிலத்தில் உரிமை இருந்ததா என்ற கேள்வி மீதம் இருக்கும். பட்டாவும் வரி ரசீதும் மட்டும் உரிமையை நிரூபிக்கமாட்டா.

உயிலில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி எழுதப்படும் உயிலில் குறைந்தது இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பின்னர் வழக்கு வந்தால், அவர்களுள் ஒருவராவது உயிருடன், சாட்சி சொல்லும் நிலையில் இருக்கும்போது அவரை நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்த உயிலுக்கும் இதே விதிதான். முத்திரையை நம்பிச் சாட்சியை அழைக்காமல் விட்டவர், உண்மையான உயிலை வைத்துக்கொண்டே வழக்கில் தோற்கக்கூடும்.

1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இவ்விரு சொற்களுக்கும் தனித்தனியே விளக்கம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதைத் தொடர்கிறது. விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயல்படும் அளவுக்கு ஒன்று நிகழ்ந்திருக்க வாய்ப்பிருந்தாலே அது நிரூபிக்கப்பட்டதாகும். சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமல்ல. நம்பத்தக்க ஒருவரே போதும். 'நிரூபிக்கப்படாதது' என்பதும் 'பொய்யென நிரூபிக்கப்பட்டது' என்பதும் வேறு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் தவறவிடும் வேறுபாடு இது.

கணிதத்தில் வாய்ப்பு என்ற அளவுகோல் செல்லாது. பகா எண்களின் எண்ணிக்கையைக் காஸின் மதிப்பீட்டு வாய்பாடு எப்போதும் சற்றுக் கூட்டியே காட்டும் என்று, கணக்கிட்டுப் பார்த்த எண்கள் எல்லாம் சொல்லின. அது எப்போதும் அப்படி இராது என்று 1914இல் லிட்டில்வுட் நிரூபித்தார். அது பொய்க்கும் எண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் சுட்டிக்காட்டியதில்லை.