வீட்டுக்குள் தண்ணீர் வருமுன்: மருந்துப் பையும் காப்புறுதிப் பத்திரமும்



சுகாதாரப் பகுதியில் காப்புறுதிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கம்போங் மேடானில் ஓர் அக்கா வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்த நம் மக்கள் பலரைப் போல அவரும் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் பலகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்து, பின்னர் அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீடு ஒன்றுக்கு மாறியவர். இனிப்புநீர் நோய் உண்டு. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. மருந்து ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், கணவரின் மரணப் பத்திரம் எல்லாம் அலமாரியின் அடியில், துணிக்குக் கீழே.

"தண்ணி வந்தா என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பேரே மேடான்தானே தம்பி, இங்க எங்க தண்ணி ஏறப்போகுது?" என்று சிரித்தார்.

நமக்கு மேடு என்றால் உயரம். மலாய் மொழியில் மேடான் என்றால் திடல், சமதரை. கிள்ளான் ஆறும் அங்கிருந்து வெகுதூரத்தில் ஓடவில்லை. பேரை நம்பி இருந்துவிட முடியுமா?

2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர்கள் கூரைமேல் ஏறி உதவிக்காகக் காத்திருந்தார்கள். அவ்வாண்டுக் கடைசியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வீடுகளுக்கு ஏற்பட்ட நட்டம் மட்டும் 160 கோடி. சிலாங்கூர்தான் எல்லா மாநிலங்களையும்விட அதிகம் இழந்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதைப் பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது பிரதமராயிருந்த துன் ரசாக் தேசியப் பேரிடர் என்றே அறிவித்தார்.

வெள்ளமாவது வானத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். நெருப்புக்கு அந்தத் தயவும் கிடையாது. 2025 ஏப்ரல் 1 ஆம் தேதி, ஹரிராயா இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு மேல் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தபோது, பலர் உடுத்திய உடையோடுதான் ஓடினார்கள். வாசலைத் தாண்டும்போது கையில் என்ன இருக்கிறதோ, அதுதான் அப்புறம் உங்கள் சொத்து. ஆகவே கையில் எடுக்க வேண்டியதை இன்றே ஒரு பையில் கட்டி, வாசலுக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டி வையுங்கள்.

பையில் முதலில் மருந்து. இரத்த அழுத்தம், இனிப்புநீர், இருதயம், இழுப்பு என்று எதற்காகத் தினமும் மருந்து சாப்பிட்டாலும், ஒரு வாரத்துக்கு உரியதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அதை அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடாமல், கிளினிக்கில் புது மருந்து வாங்கும்போதெல்லாம் பழையதை எடுத்துச் சாப்பிட்டுப் புதியதை உள்ளே வைக்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கிளினிக் அட்டையின் நகல் கூடவே இருக்கட்டும். "மஞ்சள் மாத்திரை ஒண்ணு, வெள்ளை மாத்திரை ரெண்டு" என்றால் நிவாரண மையத்து டாக்டருக்கு எப்படிப் புரியும்?

இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் பயந்து ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால்தான் ஆபத்து. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை, முப்பது டிகிரிக்குக் குறைந்த சூட்டில், ஐஸ்பெட்டி இல்லாமலே தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படாத இடத்தில், ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது. தெளிந்த நீராக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் போட வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறினால் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வாரத்தில் மூன்று நாள் போகிறவருக்கு வெள்ளம் இரண்டு நாள் வழியை அடைத்தாலே உயிருக்கு ஆபத்து. "இந்தப் பாதை மூழ்கினால் நான் எந்த மையத்துக்குப் போகணும்?" என்று இப்போதே கேளுங்கள். தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வீட்டில் படுத்த படுக்கை நோயாளி, எந்த வீட்டில் கர்ப்பிணி, யார் சுத்திகரிப்புக்குப் போகிறார் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியும்.

அடுத்தது பத்திரங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நாயாய் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! சிவப்பு அடையாளக் கார்டோடு காலத்தைக் கழித்த பெரியவர்கள் எத்தனை பேர்! மற்றவர்களுக்கு ஒரு தாள் நனைந்தால் நகல் எடுக்கும் வேலை. நமக்கோ சில வேளைகளில் அது ஒரு பிள்ளையின் எதிர்காலம். அசல்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு அந்தப் பையில் வையுங்கள். ஒரு செட் நகல் வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பி வைப்பதும் நல்லது. 2021 வெள்ளத்தில் அடையாளக் கார்டை இழந்தவர்களுக்குப் பதிவிலாகா கட்டணமின்றிப் புதியது கொடுத்தது. ஆனாலும் எண்ணாவது கையில் இருந்தால் வேலை சுலபம்.

இனிக் காப்புறுதி. இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள்.

"எங்க வீட்டுக்குத்தான் பேங்குல இன்சூரன்ஸ் எடுத்துட்டாங்களே" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். வீட்டுக் கடனோடு எடுக்கும் காப்புறுதிகளில் ஒன்று, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைப்பதற்கானது. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மற்றொன்று தீக்காப்புறுதி. அடிப்படைத் தீக்காப்புறுதி பொதுவாகத் தீ, இடி மின்னல், சமையல் கேஸ் வெடிப்பு ஆகியவற்றுக்குத்தான். வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. 'ஹவுஸ்ஓனர்' என்ற பத்திரத்தில் வெள்ளமும் வழக்கமாக அடங்கும். அதிலும்கூட மண்சரிவைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். உங்கள் பத்திரத்தை எடுத்து, வெள்ளம், அதாவது மலாயில் 'பஞ்சிர்', என்ற சொல் எங்கே இருக்கிறது, உண்டு என்கிறதா இல்லை என்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துப் பாருங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல். கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. மாதப் பராமரிப்புப் பணத்தைக் கட்டாமல் விட்டால் அந்தக் காப்புறுதியும் காலாவதியாகலாம் என்பது ஒரு பக்கம். அது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமே என்பது மறுபக்கம். உங்கள் மெத்தை, ஐஸ்பெட்டி, தையல் மிஷின், பிள்ளையின் கம்ப்யூட்டர் அதில் சேராது. வீட்டுப் பொருள்களுக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' என்ற தனிப் பத்திரம் உண்டு. வாடகைக்கு இருக்கிறவர்களும் எடுக்கலாம். தோட்டத்து லயமும் இப்படித்தான்: வீடு நிர்வாகத்துடையது, உள்ளே இருக்கும் சட்டிபானை உங்களுடையது. நிலப்பத்திரம் இல்லாத பலகை வீடுகளுக்குக் காப்புறுதி கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு உயரமான பரணும் அந்தப் பையும்தான் துணை.

தொகையைக் குறைத்து எடுப்பது இன்னொரு பிழை. வீட்டைத் திரும்பக் கட்ட 2 லட்சம் வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைப் பணத்தை மிச்சம் பிடிக்க 1 லட்சத்துக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள். 40 ஆயிரம் வெள்ளி நட்டமானால் 40 ஆயிரமும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். பாதிக்குத்தான் எடுத்தீர்கள், பாதியைத்தான் தருவோம் என்று 20 ஆயிரம் வரும். அதிலும் முதலில் ஒரு சிறு தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். மோட்டார் சைக்கிள், காடி வைத்திருக்கிறவர்களும் வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். வீதி வரிக்காக எடுத்த காப்புறுதி அதைத் தானாகவே தராது.

அரசாங்கம் கொடுக்காதா என்றால், கொடுத்தது. 2021 வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உதவிப்பணம் வந்தது. சிலாங்கூர் மாநில அரசும் தனியே 1,000 வெள்ளி கொடுத்தது. ஒரு ஐஸ்பெட்டியும் துணிமிஷினும் வாங்கினால் தீர்ந்தது. அதைப் பெறுவதற்கும் நிவாரண மையத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ குடும்பத் தலைவரின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலும் பதிவை விடாதீர்கள்.

தண்ணீர் ஏறத் தொடங்கினால், அது பிளக்கைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அடையுங்கள். கேஸ் தோம்பையும் மூடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999. ஐஸ்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்கும் முயற்சியில் இடுப்பை ஒடித்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் சுகாதாரமும் காப்புறுதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. "இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கட்டும்" என்று நனைந்த மெத்தையை வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதில் பூஞ்சணம் பிடித்து, இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது. அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாளே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும், ஒவ்வொரு பொருளையும், அதன் மாடல் எண்ணையும் படம் எடுங்கள். பட்டியல் எழுதி, ரசீதுகளைத் தேடி வையுங்கள். இதை இதைத் தூக்கிப்போடப் போகிறோம் என்று நிறுவனத்திடம் சொல்லிவிட்டு மெத்தையை வெளியே போடுங்கள். நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் பேங்க் நெகாராவிடம் முறையிட வழி உண்டு.

கழுவும்போது காலில் பூட்ஸ், கையில் கையுறை. ஐந்து கேலன் தண்ணீருக்கு ஒரு கோப்பை குளோராக்ஸ் போதும். கக்கூஸ் கழுவும் திராவகத்தோடு அதைக் கலந்தால் நச்சுப்புகை வரும். வெள்ளத்தில் நனைந்த உணவையும் கரண்ட் இல்லாத ஐஸ்பெட்டியில் கிடந்த இறைச்சியையும் நாய்க்குக்கூடப் போட வேண்டாம். குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஆணியோ தகரமோ கிழித்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

வெள்ளத்தோடு எலி மூத்திரமும் கலந்து வரும். அதில் நடந்தவருக்கு இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எலிக்காய்ச்சல் வரலாம். கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை முதல் அடையாளம். மஞ்சள் நிறமும் மூத்திரம் குறைவதும் பின்னால் வரும். அதுவரை வீட்டில் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. பனடோல் போட்டுப் படுத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டாக்டரிடம், "நான் வெள்ளத் தண்ணியில நடந்தேன்" என்று அவர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

கம்போங் மேடான் அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் இப்போது ஒரு சிவப்புப் பை தொங்குகிறது. காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் அவருடைய மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.