புது வண்டியில் ஏன் மழை ஒழுகுகிறது?

அமெரிக்காவில் புது ஆர்.வி. வாங்குகிறவர்களுக்கு, ஏற்கெனவே அதில் ஊர் சுற்றியவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. முதல் பயணத்துக்கு வெகுதூரம் போகாதீர்கள். வாங்கிய கடைக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று இரவு தங்குங்கள். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் அத்தனையும் ஓட்டிப் பார்த்து, கோளாறுகளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். இருக்கும் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பல்லாயிரம் டாலர் கடன் போட்டு வாங்கிய புத்தம்புது வண்டியைப் பற்றி இப்படிப் பேசுவது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம்தான் ஆர்.வி. நம்மூர் படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள்; அந்த இனத்தைச் சேர்ந்தது. படுக்கை, சமையல் மேடை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும். எஞ்சினோடு சேர்ந்தது மோட்டார்ஹோம். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது டிரெய்லர். விற்பனையில் பெரும்பகுதி டிரெய்லர்கள்தான்.

இந்த வண்டிகள் எங்கே, எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். இண்டியானா மாநிலத்தின் வடக்கில் எல்க்ஹார்ட் என்றொரு ஊர். ஒரு காலத்தில் பேண்டு வாத்தியங்கள் செய்வதற்குப் பேர்போன இடம். இன்று அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.க்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த வட்டாரத்திலிருந்தே வருகின்றன. சந்தையின் பெரும்பங்கு மூன்று குழுமங்களின் கையில் இருக்கிறது: தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ. ஃபாரஸ்ட் ரிவரை 2005இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கியது. ஜேகோ என்ற இன்னொரு தயாரிப்பாளரை 2016இல் தோர் வாங்கியது. ஏர்ஸ்ட்ரீம், கீஸ்டோன் என்று வேறு வேறு பெயரில் தெரிபவையும் தோரின் குடைக்குள்தான். அடிச்சட்டம், ஆக்சில், ஜன்னல், கதவு, ஃபிரிட்ஜ் போன்றவையும் பெரும்பாலும் ஒரே சில சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. கண்காட்சியில் ஐம்பது பெயர்ப்பலகைகள் தெரிந்தாலும், ஒரு பிராண்டில் சூடுபட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதே சாமான்கள்தான்.

தொழிற்சாலைக்குள் பீஸ் ரேட் கூலி. திருப்பூரில் தைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷெட்டின் ஒரு முனையில் இரும்புச் சட்டம் நுழைகிறது. தரை, பைப், சுவர், அலமாரி, கூரை என்று ஒவ்வொரு நிலையாக நகர்ந்து மறுமுனையில் வண்டியாக வெளியேறுகிறது. நாளுக்கு இத்தனை என்று கணக்கு. பல இடங்களில் அது முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கி, மதியத்துக்குள் முடிந்துவிடுகிற ஆலைகள் உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் கணிசமானோர் சுற்றுவட்டார ஆமிஷ் சமூகத்தார், மரவேலையில் கைதேர்ந்தவர்கள். ஆகவே தொழில் தெரியாதவர்கள் கட்டியதால் கெட்டுப்போகிறது என்று சொன்னால் அது அநியாயம். ஒரு திருகாணி மரச்சட்டத்தில் பிடிக்காமல் வெறும் இடைவெளியில் இறங்கிவிட்டது என்று கண்டு அதைக் கழற்றி மறுபடி போட நிற்பவருக்காக முழுக் குழுவும் காத்திருக்க வேண்டும். குழுவின் கூலி தாமதமாகும். கைத்திறனுக்கு அங்கே வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. கூலிக் கணக்கு அப்படி.

இதற்கு மேல் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம். 2009 வசந்தத்தில் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் வேலையின்மை 20 சதவீதத்தைத் தொடும் அளவுக்குப் போனது. கையில் காசில்லாத காலத்தில் மக்கள் முதலில் நிறுத்துவது இத்தகைய வண்டி வாங்குவதைத்தான். கொரோனா வந்தபோது நேர் எதிர். விமானமும் ஹோட்டலும் வேண்டாம் என்று எல்லோரும் ஆர்.வி. தேடினார்கள். 2020இல் 4,30,412 வண்டிகள் ஆலைகளிலிருந்து போயின, 2021இல் 6,00,240. அதுவரை இல்லாத உச்சம். 2023இல் அது 3,13,174ஆகச் சரிந்தது. ஒரே வருடத்தில் இத்தனை கூடுதலாகக் கட்ட வேண்டுமென்றால் புது ஆட்களை வேலையோடு வேலையாகப் பழக்க வேண்டும், கிடைத்த உதிரிபாகத்தை மாட்டியனுப்ப வேண்டும். அந்த உச்ச வருடங்களின் வண்டியை இப்போது செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள், விலை சகாயமாக இருக்கிறதே என்று மயங்காமல் கூரைமேல் ஏறிப் பார்ப்பது நல்லது.

அரசு பார்க்காதா? பார்க்கிறது, ஒரு எல்லை வரைக்கும். டயர், பிரேக், விளக்கு போன்றவை மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பின் விதிக்குள் வரும். கேஸ், பைப், தீ விபத்தில் தப்பும் வழி ஆகியவற்றுக்கு என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தரநிலை உண்டு. அதைப் பின்பற்றுவதாகக் காட்டும் முத்திரை கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைக் கொடுப்பது தயாரிப்பாளர்களின் சங்கமான ஆர்.வி.ஐ.ஏ. வாங்குகிறவர்கள் பலர் அதைத் தரச்சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூரையோரம் பூசிய சீலன்ட் விட்டுப்போயிருக்கிறதா, அலமாரி ஸ்டேபிளில் தொங்குகிறதா என்பதற்கும் அந்த முத்திரைக்கும் சம்பந்தமில்லை.

ஒருமுறை இந்த அலட்சியம் ஊரறிய வெளிப்பட்டது. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அரசு டிரெய்லர்களில் குடிவைத்தது. கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று புகார்கள் கிளம்பின. நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில், உள்ளே இருந்த காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்தது. சாதாரண வீடுகளில் இருப்பதைவிட மிக அதிகம். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கிளம்பும் வாயு அது. பிறகு சட்டம் கடுமையானது. ஆனாலும் வெயிலில் பூட்டிக்கிடந்த புது வண்டியை ஜன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே குழந்தைகளைத் தூங்க வைக்க வேண்டும்.

இனி தண்ணீர். ஆர்.வி.யைச் சாகடிப்பது பெரும்பாலும் எஞ்சினோ ஆக்சிலோ அல்ல, கூரை வழியாக இறங்கும் தண்ணீர்.

வழக்கமான டிரெய்லரின் கூரை மெல்லிய பலகையின் மேல் ஒட்டிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. ஈ.பி.டி.எம்., டி.பி.ஓ. என்று சொல்வார்கள். அந்த விரிப்பை அறுத்துத்தான் ஏ.சி.க்கு, காற்றுப்போக்கிக்கு, குளியலறை வெளிச்சத்துக்கு, கழிவுத் தொட்டியின் வாயு வெளியேறும் குழாய்க்கு, ஆன்டெனாவுக்கு வழி விடுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாசல். அங்கே பொருத்தும் பாகத்தின் விளிம்புப் பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் போட்டு, திருகாணியால் இறுக்கி, மேலே தானாகவே பரவிச் சமமாகும் சீலன்ட்டை ஊற்ற வேண்டும். அவசரத்தில் நடப்பது என்ன? டேப் மூலையில் ஒன்றுசேராமல் விரலகலம் விட்டுப்போகும். ஏணி பொருத்திய இடத்தின் பின்பக்கம் கை எட்டாததால் சீலன்ட் விழுந்திருக்காது. கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலைப்பட்டையில் ஒரு திருகாணி பலகையைத் தவறவிட்டிருக்கும். நின்ற இடத்திலேயே இருந்தால் இது சில மழை தாங்கும். ஆனால் இது நூறு கிலோமீட்டர் வேகத்தில் குலுங்கிக்கொண்டு ஓடுகிற பெட்டி. இணைப்புகள் எல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் நெகிழ்கின்றன.

உள்ளே இறங்கிய தண்ணீர் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. உட்சுவர் என்பது வினைல் தாள் ஒட்டிய மூன்று மில்லிமீட்டர் பிளைவுட். கறை அந்தத் தாளில் எட்டிப்பார்ப்பதற்குள் பின்னால் இருக்கும் மரச்சட்டம் ஊறியிருக்கும். வெளிச்சுவர் ஃபைபர்கிளாஸ் ஒட்டியதானால் அங்கங்கே உப்பிக்கொண்டு வரும். சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அலை அலையாகத் தெரியும். அப்படி உப்பிவிட்டால் சுவரையே மாற்ற வேண்டும். வண்டியின் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

கண்டுபிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. ஈரம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி, கூரையும் சுவரும் சேரும் மூலைகளிலும் ஜன்னலின் கீழ்விளிம்பிலும் வைத்துப் பார்க்கலாம். குளியலறைப் பக்கத்துத் தரையைக் குதிகாலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கக் கூடாது. இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மின்விசிறியால் வண்டிக்குள் காற்றை அடைத்து, வெளியே எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், எங்கே குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. இதைத் தொழிலாகவே செய்து தருகிற பணிமனைகளும் உண்டு. ஆலை வாசலில் ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்தால் எத்தனை சுவர்கள் பிழைக்கும்!

பழுது பார்ப்பது பொறுமை உள்ள யாராலும் முடிகிற வேலை. வெடித்த பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் கத்தியால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். இரும்புக் கத்தி விரிப்பைக் கிழித்துவிடும். துடைத்துக் காயவைத்து, அந்த விரிப்புக்கு ஏற்ற சீலன்ட்டைப் போட வேண்டும். படுக்கைவாட்டில் பரவுகிற வகை, செங்குத்தான இடத்தில் வழியாத வகை என்று இரண்டும் வேண்டும். கடையில் கண்ணில் பட்ட சிலிக்கானைக் கூரையில் பூசிவிடாதீர்கள். அது சரியாக ஒட்டாது, அதன்மேல் பிறகு வேறு எதையும் ஒட்டவும் விடாது. சில கையேடுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரிமையாளரே சீலன்ட்டைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. செய்யாமல் விட்டால், ஒழுகும்போது அதைச் சொல்லியே வாரன்டியை மறுக்கலாம். ஆகவே பார்த்த தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்க் கசிவைப் பிடிக்க ஓர் எளிய வழி. இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பம்ப்பை மட்டும் போட்டு வையுங்கள். அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். யாரும் தண்ணீர் எடுக்காமலே அவ்வப்போது டர்ர் என்று ஓடினால் எங்கோ சொட்டுகிறது. பெரும்பாலும் கைமுறுக்கு மட்டும் கொடுத்துவிட்ட பிளாஸ்டிக் நட்டுதான் காரணம். கழிவறைக்குப் பின்னால், பம்ப் பக்கத்தில், சிங்க்கின் கீழ் இழுப்பறையைக் கழற்றிப் பார்த்தால் அகப்படும். அப்படியே ஆலையில் விட்டுப்போன மரத்தூளையும் உதிரி ஆணிகளையும் அள்ளிவிடலாம். முகாம்களில் தண்ணீர் அழுத்தம் கண்டபடி இருக்கும். பைப்பின் வாயில் ஒரு ரெகுலேட்டரை மாட்டாமல் இணைக்கக் கூடாது.

சக்கர நட்டுகளை முதல் 16, 40, 80 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் வருடமும். 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம். எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 150 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ ஏறிவிடுகிறது. வண்டியில் எழுதியிருக்கும் சுமை அளவு பல மாடல்களில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கிறது. ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

தொடக் கூடாதவையும் உண்டு. கேஸ் இணைப்பில் சோப்பு நுரை பூசிக் கசிவைப் பார்க்கலாம். பிரித்து மாட்டுவது பயிற்சி பெற்றவர் வேலை. பிரேக், அடிச்சட்டத்து வெல்டிங்கில் விரிசல், 120 வோல்ட் பேனலின் உட்புறம் ஆகியவையும் அப்படியே. பாதுகாப்புக் குறைபாட்டுக்காக ரீகால் அறிவித்திருந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சேசிஸ் எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

வாரன்டி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் நாமே செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயம். வாரன்டி பெரும்பாலும் ஒரு வருடம். ஃபிரிட்ஜுக்கு ஒரு கம்பெனி, ஏ.சி.க்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. விற்பனையாளர் இவர்களைக் கைகாட்ட, இவர்கள் அவரைக் கைகாட்ட, வண்டி பணிமனை வாசலில் மாதக்கணக்கில் நிற்கும். கோடை போய்விடும், வங்கித் தவணை மட்டும் போகாது. பழுதான புது காரைத் திருப்பிக் கொடுக்க உதவும் மாநிலச் சட்டங்கள் பலவும் டிரெய்லரையோ மோட்டார்ஹோமின் குடியிருக்கும் பகுதியையோ சேர்ப்பதில்லை. 1975இன் மத்திய வாரன்டிச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் வழக்கை இண்டியானாவில்தான் போட வேண்டும் என்று பல வாரன்டிகளில் எழுதியிருப்பார்கள். நட்டை இறுக்கப் பத்து நிமிடம், நீதிமன்றத்துக்குப் பல வருடம் என்றால் மனிதர்கள் ஸ்பேனரைத்தான் எடுப்பார்கள். அதைத் தயாரிப்பாளர்கள் தங்கள் வேலையை வாங்குபவர் தலையில் கட்டும் உரிமையாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

வேறு மாதிரி கட்ட முடியாது என்பதும் உண்மையில்லை. 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் போலர் என்ற சிறு டிரெய்லர் வந்தது. ஃபைபர்கிளாஸை அச்சில் வார்த்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியுமாக இரண்டு ஓடுகளை ஒட்டியது. கூரைக்கும் சுவருக்கும் இடையே மூட்டே இல்லை. மின்னசோட்டாவில் ஸ்காம்ப் இன்றும் அந்த முறையில் செய்கிறது. இடம் குறைவு, நாலு பேர் குடும்பத்துக்கு நெருக்கடிதான். ஆனால் பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடுகிற வண்டிகளில் இந்த வகையை நிறையப் பார்க்கலாம்.

வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்களுக்கு: பணம் கைமாறும்வரைதான் உங்கள் சொல் எடுபடும். விற்பனையாளரின் ஆள் அரைமணி நேரம் சுற்றிக் காட்டுவதைச் சோதனை என்று எண்ண வேண்டாம். தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்து எழுதித் தரும் சான்று பெற்ற பரிசோதகர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போகலாம். முடியாவிட்டால் நீங்களே ஏணி கேட்டு வாங்கிக் கூரை ஏறுங்கள். தண்ணீர், கரன்ட், கேஸ் மூன்றையும் இணைக்கச் சொல்லி எல்லாவற்றையும் ஓட்டுங்கள். கண்ட குறைகளை எழுதி, அதில் விற்பனையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு, அவை சரியான பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ‘முதலில் எடுத்துப் போங்கள், பிறகு கொண்டுவாருங்கள், செய்து தருகிறோம்’ என்று சொன்னால் எடுக்காமல் திரும்பி வந்துவிடலாம். 2021இல் கிடைத்த வண்டியை வாங்கியாக வேண்டியிருந்தது. இப்போது விற்பனையாளர்களின் மைதானங்களில் வண்டிகள் காத்துக்கிடக்கின்றன.