அந்தமான் தீவுகளில் புள்ளிமான்

புள்ளிமான் அந்தமான் தீவுகளில் இயற்கையாக வாழ்ந்த விலங்கன்று. இந்தியப் பெருநிலப்பரப்பிலும் இலங்கையிலும் இயல்பாகக் காணப்படும் இவ்விலங்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காக ஆங்கிலேயரால் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. புலி, சிறுத்தை, செந்நாய் முதலிய கொன்றுண்ணிகள் இங்கு இல்லாமையால் பெருகியது. கடலில் நீந்தி அருகிலுள்ள தீவுகளுக்கும் பரவியது. தற்போது இது அங்கு ஓர் ஆக்கிரமிப்பு இனமாகக் கருதப்படுகிறது.

காட்டின் மீதான தாக்கம்

அந்தமானுக்கு உரிய குளம்புடைய விலங்கு காட்டுப்பன்றி மட்டுமே. தழை மேயும் மான் அங்கு புதியது. அது மரக்கன்றுகளையும் நாற்றுகளையும் தின்றுவிடுவதால், முதிர்ந்த மரம் விழும்போது அதன் இடத்தை நிரப்ப இளமரம் இருப்பதில்லை. தொலைவிலிருந்து நோக்குவோருக்குக் காடு பசுமையாகவே தோன்றும். குறைவு அடித்தளத்தில்தான் உள்ளது. அடித்தளச் செடிகளைச் சார்ந்து வாழும் பல்லி, ஓணான் வகைகளும் மான் மிகுந்த இடங்களில் குறைவாக இருப்பதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்டர்வியூ தீவில் யானைகளும் உள்ளன. 1962இல் நொடித்துப்போன மரவணிக நிறுவனம் ஒன்று கைவிட்ட ஏறத்தாழ 40 யானைகளின் வழிவந்தவை இவை.

சிறுத்தை முயற்சி

1950களின் தொடக்கத்தில் மான்களைக் கட்டுப்படுத்த இரண்டு சிறுத்தைகள் கொண்டுவந்து விடப்பட்டன. இரண்டும் பெண் சிறுத்தைகள்! இனப்பெருக்கம் நிகழாமல் அவை மறைந்தன.

ஐல் ராயல் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் இம்முறை பயன் தந்துள்ளது. அங்கு மூசு எனும் பெரிய மானையும் ஓநாயையும் அறிவியலாளர் 1958 முதல் கணக்கிட்டு வருகின்றனர். 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள், நோயாலும் உட்கலப்பாலும் குன்றி 2018இல் இரண்டாயின. மூசு 2019இல் ஏறத்தாழ 2,060 ஆகப் பெருகியது. 2018-2019இல் 19 ஓநாய்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டன. 2024இல் ஓநாய்கள் 30, மூசு ஏறத்தாழ 840 எனக் கணக்கிடப்பட்டது. எனினும் இக்குறைவில் உணவுப் பற்றாக்குறைக்கும் உண்ணிகளுக்கும் பங்குண்டு. மேலும், ஐல் ராயலில் மக்கள் நிலையாக வாழ்வதில்லை. அந்தமானில் ஊர்களும் கால்நடைகளும் உள்ளன. சிறுத்தை மானை மட்டும் தின்னும் என்பதற்கும் உறுதியில்லை.

சட்டச் சிக்கல்

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 புள்ளிமானை வேட்டையாடத் தடை விதிக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆக்கிரமிப்பு அயல் இனங்களைக் கட்டுப்படுத்த நடுவண் அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் அதன் வரையறையில் "இந்தியாவுக்கு உரியதல்லாத" இனங்களே அடங்கும். புள்ளிமான் இந்திய விலங்கு. எனவே அந்தமானுக்கு அயலானதாயினும் இப்பிரிவுக்குள் வராது. பிடித்து அகற்றுவதும் எளிதன்று. பிடிபடும் அதிர்ச்சியிலேயே புள்ளிமான் இறந்துவிடக்கூடும். இதற்கிடையே, ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) எதிரேயுள்ள ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) மான்கள் சுற்றுலாப் பயணிகளைக் கவரும் காட்சியாக உள்ளன.