நாலும் ரெண்டும் எப்போது ஆறு ஆகாது?

நாலு வாரமும் ரெண்டு வாரமும் சேர்ந்தால் ஆறு வாரம். ஆனால் இன்டர்ன்ஷிப் கிரெடிட்டில் இந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையைப் பாருங்கள். இரண்டு வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட், நான்கு வாரத்துக்கு 2, ஆறு வாரத்துக்கு 3. பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் இடம்பெறாத துறையில் ஒரு மாணவர் தானாக முன்வந்து 3 கிரெடிட் சேர்த்தால், புரொஃபஷனல் எலெக்டிவ் பாடம் ஒன்றை விட்டுவிடலாம். நல்ல சலுகைதான். ஆனால் பயிற்சி ஒரே நிறுவனத்தில், இடைவெளி இல்லாமல் நடந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஓசூரில் இரண்டு வாரம், மே மாதத்தில் கோவையில் நான்கு வாரம் என்று பிரித்துச் செய்தவர் அந்த எலெக்டிவைப் படித்தே ஆகவேண்டும். உழைப்பு ஒன்றுதான், விதியைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் கிடைக்கும் பலன் வேறு.

அதனால்தான் கம்பெனி தேடும் முன் ஒழுங்குமுறையைத் தேட வேண்டும்.

கிரெடிட்டை அளக்கும் படியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப்படிப்புகளில் 30 மணி நேரப் பயிற்சியை ஒரு கிரெடிட்டாகக் கொள்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2019-ல் வகுத்த இன்டர்ன்ஷிப் கொள்கையில் அது 40 முதல் 45 மணி நேரம். அண்ணா பல்கலைக்கழக விதியில் வாரத்துக்கு 40 மணி என்பதால், ஒரு கிரெடிட்டுக்கு 80 மணி நேரம் ஆகிறது. ஒரே வீட்டில் அண்ணன் பி.இ., தங்கை பி.காம். என்றால், அண்ணனின் அனுபவத்தை வைத்துத் தங்கை திட்டம் போட முடியாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கென்று தனி விதி இருக்கும். துறைத் தலைவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: எத்தனை மணி நேரம், எந்த செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் ஏறும், முன் அனுமதிக்கு எந்தப் படிவம்? பயிற்சி முடித்த பிறகு அனுமதி கேட்டுப் போய், கையெழுத்துக்காக அலைவது மிகுந்த வேதனை.

அடுத்தது இடம். "சிபாரிசு செய்ய எங்களுக்கு யாரும் இல்லையே" என்று தயங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள். சென்னையின் பெரிய மென்பொருள் நிறுவனம் மட்டுமே இன்டர்ன்ஷிப் தரும் என்பதில்லை. கோவையில் பம்ப் தயாரிப்பு, திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள், சிவகாசியில் அச்சுத் தொழில் என்று ஊருக்கு ஊர் தொழில் இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஷிப்பிங் ஆவணங்களைக் கையாளக் கற்ற பி.காம். மாணவிக்கு, பாடப்புத்தகத்தில் படித்த இன்வாய்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம் என்றால் விடுதிச் செலவும் மிச்சம்.

ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் அதில் ஒன்று, சென்னை ஐ.ஐ.டி. வெளிக்கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் கோடைப் பயிற்சி இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் கோடை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் தேடத் தொடங்கினால் கதவு சாத்தியிருக்கும்.

பணம் கட்டினால் வீட்டுக்கே சான்றிதழ் வரும் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளிடம் எச்சரிக்கை தேவை. அண்ணா பல்கலைக்கழக முறையில் அறிக்கையும் சான்றிதழும் கொடுத்த பிறகு, துறையின் மூன்று பேர் குழு முன் வைவா நடக்கிறது. செய்யாத வேலையைப் பற்றி அந்த மூவரிடம் என்ன சொல்ல முடியும்?

மாணவிகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வருபவரையும் ஊழியராகவே கருதுகிறது. சம்பளம் வாங்காதவருக்கும் இது பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி தொடங்கியதும் ஒரு நோட்டு போட்டுவிட வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. கொள்கையே தினக்குறிப்பு எழுதச் சொல்கிறது. "மெஷின் பார்த்தேன்" என்று எழுதினால் பின்னால் உதவாது. எந்த மெஷின், என்ன கோளாறு, யார் எப்படிச் சரிசெய்தார், தான் செய்தது என்ன என்று தினமும் பத்து வரி எழுதி, வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கி வைத்தால், அறிக்கையில் பாதி தானாகவே தயாராகிவிடும்.

கடைசி நாளில் டீ, கைகுலுக்கல், செல்ஃபி எல்லாம் முடிந்த பிறகு, சான்றிதழை உறையில் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் சரியா, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருக்கின்றனவா, மணி நேரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடலாம். மூன்று மாதம் கழித்துத் திருத்தம் கேட்டுப் போகும்போது, கையெழுத்துப் போட்டவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கக்கூடும்.